றோல்ஸ் ஒன்று, நடை ஒரு மணி நேரம்

கூர் நகரிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ எம்மவர் நடத்தும் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய், ஏதாவதொரு மேசையில் அரை மணி நேரம் அமர்ந்திருந்தால் போதும். முன்பெல்லாம் அந்த மேசைகளில் வதிவிட அனுமதி பற்றிய கதைதான் நடக்கும். உமக்கு 'பி' கிடைத்துவிட்டதா, இன்னும் 'எஃப்' தானா என்று கேட்பார்கள். இன்று அதே ஆட்கள், அதே அக்கறையோடு, "உமக்குச் சுகர் எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு ஒரு றோல்சையும் எடுத்துக் கடிக்கிறார்கள்.

உடம்பைக் குறைக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். எம்மவர் அதற்கு இரண்டு வழிகளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியினர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு றைன் நதிக்கரையில் நடக்கத் தொடங்குகிறார்கள், சாப்பாட்டில் கை வைப்பதில்லை. மற்றப் பகுதியினர் இரவுச் சோற்றை நிறுத்தி, காலையில் வெறுந் தேநீரோடு வேலைக்குப் போய், மூன்று கிழமையில் நான்கு கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்கிறார்கள். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ திரும்பி வந்துவிடுகிறது. நடந்தவருக்கோ தராசு முள் அசையவே இல்லை. "எங்கட உடம்பு அப்படி" என்று இரு பகுதியினரும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்.

எங்கள் உடம்பு ஓரளவுக்கு அப்படித்தான், மறுப்பதற்கில்லை. அதற்குப் பின்னர் வருவோம். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

உடலில் சேர்ந்த ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சக்தி அடங்கியிருக்கிறது. (சரியாகச் சொன்னால் கிலோகலோரி. கடைப் பொதிகளில் அப்படித்தான் அச்சிட்டிருப்பார்கள். பேச்சு வழக்கில் நாம் கலோரி என்றே சொல்வோம்.) 75 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஐந்து கிலோமீற்றர் நடந்தால், சும்மா இருந்திருந்தால் செலவாகியிருக்கக் கூடியதைவிட மேலதிகமாக எரிவது 190 கலோரி அளவில்தான். அதாவது நடையை மட்டும் நம்பி ஒரு கிலோவைக் கரைக்க நாற்பது மணி நேரம் நடக்க வேண்டும்! பொரித்த ஆட்டிறைச்சி றோல்ஸ் ஒன்றில் 200 முதல் 250 கலோரி வரை இருக்கும். ஒரு மணி நேரம் வியர்வை சிந்தியது இரண்டு நிமிடத்தில் ஈடாகிவிடுகிறது.

ஏற்றத்தில் செலவு கூடும். எங்கள் நகரத்துக்கு மேலே நிற்கும் பிறாம்புறூஷ் மலையையே எடுத்துக்கொள்வோம். கூர் கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குச் சற்றுக் குறைவான உயரத்திலும், பிறாம்புறூஷ் ஏறத்தாழ 1,600 மீற்றரிலும் இருக்கின்றன. கேபிள் வண்டியில் ஏறாமல் கால்நடையாகவே ஆயிரம் மீற்றர் ஏறினால், 75 கிலோ எடையுள்ளவருக்கு 700 முதல் 850 கலோரி வரை செலவாகும். பெரிய தொகைதான். ஆனால் மேலே போய்ச் சேர்ந்ததும் அரை லீற்றர் பியரும், ஒரு தட்டு வறுத்த கிழங்கும், பக்கத்தில் ஒரு சொசேச்சும் எடுத்தால் அத்தனையும் திரும்பி வந்துவிடும். பிறகு கேபிளில் இறங்கி வரலாம்!

மலையேறிச் சக்தியைக் கணக்குப் பார்க்கும் வேலை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1865 ஓகஸ்ட் 30ஆம் திகதி சூரிச்சைச் சேர்ந்த இரண்டு பேராசிரியர்கள், உடற்றொழிலியலாளர் அடோல்ப் ஃபிக்கும் இரசாயனவியலாளர் யொகான்னஸ் விஸ்லிசேனுஸும், பிறியன்ஸ் ஏரிக்கரையிலிருந்து ஃபவுல்ஹோர்ன் சிகரத்துக்கு ஏறினார்கள். தசைகள் வேலை செய்வது புரதத்தை எரித்துத்தான் என்று லீபிக் என்ற பெரிய அறிஞர் அக்காலத்தில் சொல்லியிருந்தார். அதைச் சோதிப்பதற்காக இவர்கள் முதல் நாள் நண்பகல் தொடக்கம் புரதமே இல்லாத உணவை மட்டும் உண்டார்கள். மாப்பசையைக் கொழுப்பில் பொரித்த பலகாரமும் சீனி போட்ட தேநீரும்தான் அது. (எங்கள் மாலை நேரச் சிற்றுண்டியை நினைவூட்டவில்லையா?) வழியெல்லாம் தங்கள் சிறுநீரைச் சேகரித்து, அதிலிருந்த நைதரசனை அளந்து, எரிந்த புரதம் எவ்வளவு என்று கணித்தார்கள். அந்தப் புரதத்தின் சக்தி மலையேற்றத்துக்குப் போதவே போதாது என்பது தெரிந்தது. அவர்களை ஏற்றியது பலகாரத்திலிருந்த மாவும் கொழுப்பும்தான். மாப்பலகாரம் அப்படிப்பட்ட எரிபொருள். இரண்டாயிரம் மீற்றர் ஏறுகிறவனுக்கு அது உதவும். கதிரையில் அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பவனுக்கு அந்த எரிபொருள் எங்கே போகும்?

"நாள் முழுக்க நின்றுதானே வேலை செய்கிறோம்!"

இதை அடிக்கடி கேட்கிறோம். கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது. கிறவுபுண்டன் மாநிலத்துக்கு வந்த எம்மவரில் கணிசமானோர் உணவகச் சமையலறைகளில், கோப்பை கழுவுமிடத்தில், விடுதி அறைகளைத் துப்புரவாக்கும் வேலையில் வருடக்கணக்கில் நின்றவர்கள். அறோசாவிலும் டாவோசிலும் லென்சர்ஹைடவிலும் பனிக்காலம் முழுக்க ஓடியோடி உழைத்தவர்கள். அப்படி உழைத்தும் உடம்பு ஏன் வைக்கிறது?

ஒரு காரணம், நிற்பதும் நாலடி நடப்பதும் களைப்பைத் தருகிற அளவுக்குக் கலோரியை எரிப்பதில்லை. கால் வலி வேறு, சக்திச் செலவு வேறு. இன்னொரு காரணம், உடல் தன் வரவு செலவைத் தானே சரிக்கட்டப் பார்க்கும். தன்சானியாவில் இன்றும் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் நாளாந்தச் சக்திச் செலவை ஹேர்மன் பொன்சர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது குழுவினரும் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடலளவு வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தால், காலை முதல் நடந்து திரியும் அந்த மக்களின் செலவு மேலைநாட்டு நகரவாசிகளின் செலவுக்கு ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. உழைப்பு கூடும்போது உடல் வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கிறது என்பது அவர் தரும் விளக்கம். அதை எல்லா ஆய்வாளரும் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. என்றாலும் வேலையிடத்தில் கால் கடுக்க நின்றவரின் வயிறு ஏன் குறையவில்லை என்பதற்கு அது ஒரு வெளிச்சத்தைத் தருகிறது.

மூன்றாவது காரணம் நேரம். இரவு பதினொன்றரைக்கு அடுப்பை அணைத்து, கழுவித் துடைத்து, பசியோடு வீடு வந்து, மூடி வைத்திருக்கும் சோற்றைக் கறியோடு பிசைந்து உண்டு உடனே படுக்கிறோம். மனைவி அன்போடு வைத்த சாப்பாடு, மிச்சம் விட மனம் வராது. எத்தனை குடும்பங்களில் ஒரு நாளின் பெரிய சாப்பாடு நள்ளிரவுச் சாப்பாடாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மெலிந்த உடலில் ஒளிந்த கொழுப்பு

இனி "எங்கட உடம்பு" பற்றி. 2004ஆம் ஆண்டு 'லான்செற்' மருத்துவ இதழில் இரண்டு வைத்தியர்களின் படம் வெளியானது. ஒருவர் பூனே நகரத்து யாஜ்னிக், மற்றவர் இலண்டனைச் சேர்ந்த யூட்கின். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டெண் ஒன்றேதான், 22.3. எடையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்து வரும் எண் இது. பார்வைக்கு இருவரும் மெல்லியவர்கள். உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம்! தென்னாசியர்களான எங்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு கூட. அதுவும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு. அதனால்தான் சுவிஸ்காரர் ஒருவருக்கு எந்தக் கெடுதலும் செய்யாத எடையில் எங்கள் ஆட்களுக்கு நீரிழிவு வந்து நிற்கிறது, அதுவும் வயதில் முந்தி.

ஐரோப்பியருக்குச் சுட்டெண் 25ஐத் தாண்டினால் அதிக எடை என்பார்கள். ஆசியரில் 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. தராசைவிடத் தையற்கார அளவு நாடா எங்களுக்குக் கூடுதலாக உண்மை சொல்லும். தென்னாசிய ஆணுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது எல்லை. சேர்ட்டை உயர்த்தி, மூச்சை இழுக்காமல் (இது முக்கியம்!) அளந்து பாருங்கள்.

நோர்வேயின் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் கண்டியில் வாழ்வோரையும் ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒஸ்லோவில் வாழ்ந்தோரின் உடற்திணிவுச் சுட்டெண் அதிகமாக இருந்தது. ஊரில் தேங்காயும் இருந்தது, சோறும் இருந்தது. இங்கே அவற்றோடு சேர்த்து சீஸ், சொக்கலேற், கோலா, குளிருக்குப் பயந்து உள்ளேயே இருத்தல் எல்லாம் வந்து சேர்ந்தன. விழாக்காலப் பலகாரம் கிழமைதோறும் கிடைக்கிறது. கிணற்றில் அள்ளிக் குளித்ததும், சைக்கிளில் சந்தைக்குப் போய் வந்ததும் விட்டுப் போயின.

அடுப்படியில் செய்யக்கூடியது

ஆகவே எடையைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கு தட்டில்தான் நடக்க வேண்டும். எவ்வளவு? ஓர் உதாரணத்துக்கு நாற்பது வயது, 158 சென்ரிமீற்றர் உயரம், 70 கிலோ எடையுள்ள ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். சும்மா படுத்திருந்தாலே அவர் உடலுக்கு நாளொன்றுக்கு 1,300 கலோரி அளவில் தேவை. வீட்டு வேலை, சிறிய வேலைகள் எல்லாம் சேர்த்தால் 1,900 அளவில் வரும். சாப்பாட்டில் 350, நடையில் 150 என்று நாளுக்கு 500 குறைந்தால், தொடக்க மாதங்களில் கிழமைக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். பட்டினியில்லை, மயக்கமில்லை.

அந்த 350ஐ எங்கே தேடுவது? சோற்றில் என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். எமது அபிப்பிராயத்தில் முதலில் தேட வேண்டிய இடம் எண்ணெய்ப் போத்தல். ஒரு லீற்றர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் உண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் மாதம் ஐந்து லீற்றர் எண்ணெய் முடிக்கிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 345 கலோரி எண்ணெயாலேயே உள்ளே போகிறது. அதை இரண்டரை லீற்றராக்கினால் பாதி மிச்சம், ஒரு பருக்கைச் சோறுகூடக் குறையாமல்! போத்தலைத் திறக்கும் நாளன்று அதன் மேல் திகதியை எழுதி வையுங்கள். அடுத்தது எப்போது திறக்கிறீர்கள் என்று பாருங்கள். கலோரி அட்டவணை எதுவும் தேவையில்லை.

அடுத்தது தேங்காய்ப்பால். 400 மில்லிலீற்றர் ரின் ஒன்றில் 700 முதல் 800 கலோரி வரை இருக்கும். சொதிக்கு ஒன்று, கறிக்கு ஒன்று என்று திறந்தால் கணக்கை நீங்களே போடலாம். அரை ரின்னைத் தண்ணீர் விட்டுக் கரைத்தாலும் சொதி சொதியாகத்தான் இருக்கும். தேநீர்? ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 200 கலோரி. ரின்பால் விடுகிறவர்களுக்கு இன்னும் கூட. பிள்ளைகளுக்காக வாங்கிய அரை லீற்றர் கோலாவில் 210. அப்பிள் யூஸ் பழம்தானே என்று நினைக்கிறோம், அதிலும் அதற்குக் கிட்டத்தான்.

சோற்றைப் பற்றி ஒரு தவறான எண்ணம் எம்மிடையே பரவியிருக்கிறது. குத்தரிசி, குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது அது. நூறு கிராம் வெள்ளை அரிசியும் நூறு கிராம் குத்தரிசியும் ஏறத்தாழ ஒரே 350 கலோரிதான். குரக்கன் மாவும் அதற்குக் கிட்டத்தான் வரும். குத்தரிசியில் நார் உண்டு, இரத்தத்தில் சீனி மெதுவாக ஏறும், வயிறு நிறைந்திருக்கும். அந்த நன்மைகள் உண்மை. ஆனால் அளவு அளவுதான். புட்டுக்குள் போகும் நூறு கிராம் தேங்காய்ப்பூவில் இன்னொரு 350 ஒளிந்திருப்பதையும் மறக்கக்கூடாது. சுலபமான வழி, தட்டில் பாதியை மரக்கறியும் கீரையும் பிடிக்கட்டும். கால் பங்கில் பருப்பு, மீன், முட்டை, கோழி. மிகுதிக் கால் பங்கில் சோறு. எம்மவர் வீட்டில் இது தலைகீழாக இருக்கிறது. சோறு மலைபோலக் குவிந்திருக்க, கறிகள் அதன் அடிவாரத்தில் கிடக்கின்றன.

கடைச் சாமான் வாங்கும்போது பொதியின் பின்பக்கத்தைப் பாருங்கள். 'எனர்கீ' என்ற வரியில் இரண்டு எண்கள் இருக்கும். பெரியது கிலோயூல், சிறியதுதான் கிலோகலோரி, அதுவும் நூறு கிராமுக்கு. 'ஃபெற்' என்றால் கொழுப்பு. 'தவோன் சுக்கர்' என்றால் அதில் சீனி எவ்வளவு என்பது. டொச் நன்றாகத் தெரியாத பெற்றோர் பிள்ளைகளைக் கேட்கலாம். வாசித்துச் சொல்வதில் பிள்ளைகளுக்கும் ஒரு பெருமை இருக்கும்.

அப்படியானால் நடப்பது வீணா?

வீணே அல்ல. இங்கேதான் சென்னையில் நடந்த ஒரு முக்கியமான ஆய்வைச் சொல்ல வேண்டும். வைத்தியர் ஏ. இராமச்சந்திரனும் குழுவினரும், நீரிழிவு வரும் நிலையிலிருந்த 531 பேரைச் சில குழுக்களாகப் பிரித்து மூன்று வருடங்கள் அளவில் கவனித்து, முடிவை 2006இல் வெளியிட்டார்கள். உணவைத் திருத்தி, நடையைக் கூட்டிய குழுவில் நீரிழிவு வரும் ஆபத்து 28.5 வீதம் குறைந்தது. வியப்பு என்னவென்றால், அவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை! தராசு அசையாவிட்டாலும் உள்ளே நன்மை நடந்திருக்கிறது. உழைக்கும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டுப் பதினைந்து நிமிடம் நடந்தாலே அது தொடங்கிவிடும். "நடந்தும் குறையவில்லை" என்று சப்பாத்தைக் கழற்றி வைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எடையும் சேர்ந்து குறைந்தால் பலன் இன்னும் பெரிது. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில் எடையில் 7 வீதம் குறைத்தல், கிழமைக்கு 150 நிமிட நடை என்ற இரண்டு இலக்குகள் வைக்கப்பட்டன. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 வீதம் குறைந்தது. எங்கள் உதாரணச் சகோதரிக்கு ஏழு வீதம் என்பது ஐந்து கிலோவுக்கும் குறைவு. கல்யாண அல்பத்தில் இருக்கும் உடம்புக்குத் திரும்பிப் போகும்படி யாரும் கேட்கவில்லை.

பயிற்சிக்கு இன்னுமொரு வேலை உண்டு. பட்டினியால் மட்டும் குறைப்பவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். ஏற்கெனவே தசை குறைந்த எங்களுக்கு அது இரட்டை நட்டம். வாரத்தில் இரண்டு நாள் கதிரையில் இருந்து கையூன்றாமல் எழுந்து இருப்பது, படியேறுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போன்றவை தசையைக் காக்கும். பருப்பும் மீனும் முட்டையும் அதற்குத் துணை. குறைத்த எடையைப் பிடித்து வைத்திருக்கவும் நடைதான் உதவுகிறது. பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைத்து, அதைக் காப்பாற்றி வருகிறவர்களை 1994 முதல் அமெரிக்காவில் ஒரு பதிவேட்டில் சேர்த்துப் பார்த்துவருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை அசைக்கிறவர்கள்.

நேரம் எங்கே என்பீர்கள். உணவக வேலையில் உள்ளவர்களுக்கு மதியச் சாப்பாட்டுக்கும் மாலைச் சாப்பாட்டுக்கும் இடையில் கிடைக்கும் 'சிம்மர்ஸ்ருண்டே' என்ற நீண்ட இடைவேளை இருக்கிறதே! பெரும்பாலும் அது கைத்தொலைபேசியோடு படுக்கையில் கழிகிறது. அதில் நாற்பது நிமிடம் பிளெசூர் ஆற்றங்கரையில் நடந்தாலும் பிறகு படுக்க நேரமிருக்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் ஒபரே அவு விளையாட்டு வளாகத்து நீச்சல் தடாகத்தில் தண்ணீருக்குள் நடக்கலாம். நீந்தத் தெரிய வேண்டியதில்லை. சகோதரிகள் தனியே போகக் கூச்சப்பட்டால் மூன்று நான்கு பேர் சேர்ந்து போங்கள். ஊர்க்கதையும் நடக்கும், நடையும் நடக்கும்.

முள் நின்றுவிட்டால்

முதல் இரண்டு கிழமையில் இரண்டு மூன்று கிலோ குறைந்தால் துள்ள வேண்டாம். அதில் பெரும்பகுதி தண்ணீர். நான்கைந்து மாதத்தில் முள் ஓரிடத்தில் நின்றுவிட்டால் மனமுடையவும் வேண்டாம். 70 கிலோ உடல் 63 கிலோவாகும்போது அதன் தேவையும் நாளுக்கு நூறு, இருநூறு கலோரி குறைந்துவிடுகிறது. முன்பு குறைப்பாக இருந்த சாப்பாடு இப்போது சரியளவாகிவிட்டது. அந்த இடத்தில் இன்னும் பட்டினி கிடப்பதைவிட, நடையைக் கொஞ்சம் கூட்டி அங்கேயே நிலைத்திருப்பதும் வெற்றிதான்.

இப்போது மெலிய வைக்கும் ஊசி பற்றியும் பலர் விசாரிக்கிறார்கள். அது பலன் தருவது உண்மை. யாருக்குப் பொருந்தும், காப்புறுதி யாருக்குப் பணம் கொடுக்கும் என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். ஊசியை நிறுத்தியவர்கள் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு வருடத்தில் திரும்பப் பெற்றுவிட்டதாக 2022இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. தட்டும் நடையும் எப்படியும் பின்னால் தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு இன்சுலின் போடுகிறவர்களும், சீனியை இறக்கும் சிலவகைக் குளிசைகள் எடுப்பவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென்று குறைக்கக் கூடாது. கந்தசஷ்டி போன்ற விரத காலங்களில் இது மிக முக்கியம். வழமையான மருந்தைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கி, வேலையிடத்திலோ வாகனம் ஓட்டும்போதோ மயங்கி விழ நேரிடும். விரதம் தொடங்குவதற்கு முன்பே குடும்ப வைத்தியரிடம் போய் மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பிணித் தாய்மார் எடை குறைக்க முயலவே கூடாது.

வைத்தியரிடம் போகும்போது இதையும் கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கும், உடற்திணிவுச் சுட்டெண் 30ஐத் தாண்டியவர்களுக்கும் வைத்தியர் எழுதித் தந்தால், உணவு ஆலோசகரிடம் ஆறு தடவை செல்வதற்கான செலவை அடிப்படை மருத்துவக் காப்புறுதி ஏற்கும். தேவையென்றால் மேலும் எழுதித் தரலாம். உங்கள் பிறன்சீசும் பத்து வீதப் பங்கும் மட்டும் உங்கள் பொறுப்பு. போகும்போது வீட்டில் ஒரு கிழமை சமைத்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இடியப்பம் என்றால் என்ன, சொதி என்றால் என்ன என்று அந்த ஆலோசகருக்குத் தெரிந்திருக்காது. சொல்லிக் கொடுங்கள். எத்தனை ரின் தேங்காய்ப்பால் என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.